யாரிடம் முதலில் போவது? குடும்ப வன்முறைக்கு ஆளாகும் மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழ்நாட்டில் உள்ள வழிகள்: ஓர் ஒப்பீடு

சில ஆண்டுகளுக்கு முன், முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்வில்லாமல் படுக்கையிலேயே இருந்த ஒரு பெண்ணைப் பார்க்க அவருடைய அக்காவுடன் போயிருந்தேன். கணவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் அந்த வீட்டுக்குள் போக முடிந்தது. கன்னத்தில் ஒரு காயம் ஆறி வந்துகொண்டிருந்தது. சட்டத்தில் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று நான் வரிசையாகச் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “புகார் கொடுத்துட்டா, இன்னைக்கு ராத்திரி என்னை யாரு திருப்பிப் படுக்க வைப்பாங்க?” இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உடம்பைத் திருப்பிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வரும்; சிறுநீர்க் குழாயைக் குறித்த நாளில் மாற்றாவிட்டால் காய்ச்சல் வரும். அந்த வேலைகளையெல்லாம் செய்துவந்தவர் கணவர். அடித்தவரும் அவர்தான்.

அன்று என்னிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. குடும்ப வன்முறை பற்றிய துண்டறிக்கைகள் பெரும்பாலும் எந்தச் சட்டத்தில் எத்தனை ஆண்டு தண்டனை என்பதைத்தான் பேசுகின்றன. ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவர் முடிவெடுக்க உட்காரும்போது தண்டனை என்பது கடைசியாக வரும் கேள்வி. அடிப்பவரே குளிப்பாட்டுபவராகவும் சோறூட்டுபவராகவும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவராகவும் இருந்தால் அவருடைய இடத்துக்கு யார் வருவார், தன் உடலுக்கேற்ப அமைத்துக்கொண்ட வீட்டை விட்டுப் போகாமல் இருக்க முடியுமா, நடந்ததைத் தன் மொழியிலேயே அதிகாரியிடம் சொல்ல முடியுமா, முதல் நிவாரணம் எத்தனை நாளில் கைக்கு வரும் என்பவையே முன்னால் நிற்கின்றன. தமிழ்நாட்டில் இன்று திறந்திருக்கும் வழிகளை இந்தக் கேள்விகளை வைத்துத்தான் இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடனடியாக உயிருக்கு ஆபத்து இல்லாத பெரும்பாலான நிலைமைகளில், பாதிக்கப்பட்டவரை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவரும் வழியைவிட அடிப்பவரை வெளியே அனுப்பும் வழியே மாற்றுத்திறனாளிக்கு ஏற்றது. ஆனால் மனு எழுதுவதற்கு முன்பே மாற்றுப் பராமரிப்புக்கு ஓர் ஆளைப் பேசிவைத்திருக்க வேண்டும்.

எது வன்முறை

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நடப்பதற்குச் சரியான பெயர் சொல்ல வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியின் டியூபில் காற்றைப் பிடுங்கிவிட்டு வேலைக்குப் போவது, காது கருவியின் பேட்டரியை ஒளித்துவைப்பது, ஊன்றுகோலைப் பரண்மேல் போடுவது, ‘தண்ணீர் குடித்தால் அடிக்கடி தூக்கிப் போக வேண்டும்’ என்று தண்ணீரைக் குறைப்பது, வலிப்பு மாத்திரையைத் தண்டனைபோல ஒரு வேளை நிறுத்துவது, ‘ஹோமில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன்’ என்று மிரட்டுவது ஆகியவற்றை அக்கம்பக்கத்தில் வீட்டுச் சண்டை என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். பாதிக்கப்பட்டவரே ‘அவருக்கும் எவ்வளவு கஷ்டம்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சட்டம் இவற்றை வேறு விதமாகப் பார்க்கிறது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 92-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தெரிந்தே உணவையோ குடிநீரையோ மறுப்பதையும், அவருடைய உறுப்பையோ புலனையோ துணைக்கருவியையோ சேதப்படுத்துவதையும், அதன் பயன்பாட்டில் குறுக்கிடுவதையும் குற்றமாக்குகிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அதாவது, டியூபில் காற்றைப் பிடுங்குவது புகார் கொடுக்கத் தகுந்த செயல். மாற்றுத்திறனாளிப் பெண்ணின் மேல் தனக்குள்ள ஆதிக்கத்தைப் பயன்படுத்திப் பாலியல் சுரண்டல் செய்வதும் இதே பிரிவில் வருகிறது. இந்த ஒரு பிரிவைத் தெரிந்துவைத்திருந்தால், ‘அடித்தாரா, இல்லையா?’ என்ற ஒற்றைக் கேள்வியோடு அதிகாரி பேச்சை முடித்துவிட முடியாது.

பணம் சார்ந்த வன்முறைக்கு இடம் தருவது மற்றொரு சட்டம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, உடல், பாலியல், சொல் மற்றும் மன ரீதியான வன்முறைகளோடு பொருளாதார வன்முறையையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவர்கள் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வருகிறது, ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால் பல வீடுகளில் பதில் வேறு. கணவர் செய்யும் பாலியல் வன்முறையிலும் சட்டத்துக்குச் சட்டம் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவர் கொள்ளும் கட்டாய உறவைக் குற்றவியல் சட்டம் வன்புணர்வாகக் கருதுவதில்லை. ஆனால் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது பாலியல் வன்முறை என்ற கணக்கில் நிவாரணம் கேட்க இடம் தருகிறது.

தொலைபேசியும் காவல் நிலையமும்

இப்போதே அடி விழுகிறது, கதவு பூட்டப்பட்டிருக்கிறது என்றால் ஒப்பீட்டுக்கு நேரமில்லை. 112-ஐ அழைப்பதே வழி. 181 மகளிர் உதவி எண்ணும் 24 மணி நேரம் இயங்குவதுதான். ஆனால் இந்த இரண்டும் ஒன்றல்ல. 112 காவல் துறை வண்டியை வாசலுக்கு அனுப்புவதற்கானது. நிலைமையைக் கேட்டு, ஒருங்கிணைந்த சேவை மையம், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் அரசு அலுவலரான பாதுகாப்பு அலுவலர், சட்ட உதவி என்று உரிய இடத்தோடு இணைத்துவிடுவது 181-இன் வேலை. யோசிக்க அவகாசம் இருப்பவர் 181-இல் தொடங்கலாம். தேசிய மகளிர் ஆணையத்தின் 7827170170 என்ற எண்ணும் இரவு பகலாக எடுக்கப்படுகிறது.

குரல் வழி அழைப்பு காது கேளாதவருக்குப் பயனில்லை என்பதை இந்த ஏற்பாடுகளின் பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன். தமிழ்நாடு காவல் துறையின் ‘காவல் உதவி’ செயலியில் உள்ள சிவப்புப் பொத்தான், பேசாமலே இருப்பிடத்தைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிறது என்பதால், காது கேளாத பெண்ணின் கைபேசியில் அது முன்கூட்டியே இருக்க வேண்டும். கைபேசியைக் கணவர் தினமும் பார்க்கிறவர் என்றால், நம்பகமான அண்டைவீட்டார் ஒருவரோடு ஒரு சாடையைப் பேசிவைப்பது செயலியைவிட நல்லது. ஜன்னலில் சிவப்புத் துண்டு தொங்கினால் போன் பண்ணு என்ற அளவுக்குச் சாதாரணமான சாடை போதும்.

அனைத்து மகளிர் காவல் நிலையம் என்பது தமிழ்நாட்டுக்குப் பழகிய இடம். முதல் நிலையம் 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. கணவரோ அவருடைய உறவினர்களோ செய்யும் கொடுமைக்கு, முன்பு 498-ஏ என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த பிரிவு, 2024 ஜூலை 1 முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. அச்சத்தை ஏற்படுத்தும் வலிமை இதற்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் மாற்றுத்திறனாளிக்கு இந்த வழியில் மூன்று இடறல்கள் இருக்கின்றன.

இந்தப் பிரிவு மனைவிக்கு மட்டுமே உரியது. அப்பா அடிக்கும் மகளுக்கும், அண்ணன் வீட்டில் அடைபட்டிருக்கும் தங்கைக்கும் இது பொருந்தாது. திருமணமாகாத மாற்றுத்திறனாளிப் பெண்களில் பலர் இருப்பது அந்த வீடுகளில்தான். மேலும், பாதிக்கப்பட்டவரோ அவருடைய உறவினரோ தகவல் கொடுத்தால்தான் காவல் நிலையம் இந்தப் பிரிவில் நேரடியாக வழக்குப் பதிய முடியும் என்பதால், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டுக்காரரின் புகார் இங்கே போதாது.

அடுத்தது, புகார் கொடுத்த அன்றிரவு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்படி பெரும்பாலும் அழைப்பாணை கொடுத்து, விசாரித்து, அனுப்பிவைத்துவிடுகிறார்கள். ஸ்டேஷனுக்குப் போய்வந்த கோபத்தோடு மாலையில் அவர் திரும்பி வருவது, படுக்கையில் இருப்பவரின் அதே அறைக்கு. எழுந்து ஓட முடிகிற ஒருவருக்கே இது பயம் என்றால், ஓட முடியாதவருக்கு எப்படி இருக்கும்! ஆகவே, புகார் கொடுக்கும் நாளில் வீட்டில் இன்னொருவர் தங்குவதற்கு ஏற்பாடு இல்லாமல் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்லி நான் யாருக்கும் ஆலோசனை சொல்வதில்லை.

மூன்றாவது, மொழி. பெயர் வேண்டாம், ஒரு காவல் நிலையத்தில் காது கேளாத ஒரு பெண்ணின் வாக்குமூலத்தை எழுதும்போது, சைகையைப் புரிந்து சொல்லக் கணவரின் தம்பியையே உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பெண் கழுத்தைப் பிடித்துக் காட்டினார். தம்பி ‘தொண்டை வலின்னு சொல்றாங்க’ என்றார். வெளியே நின்ற பள்ளித் தோழி ஒருவருக்குச் சைகை மொழி தெரிந்திருந்ததால்தான் அது வெளிப்பட்டது. சட்டத்தில் குறை இல்லை. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியானால், அவருடைய வீட்டுக்கோ அவர் விரும்பும் இடத்துக்கோ அதிகாரி போய், மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் தகவலைப் பதிந்து, அதைக் காணொலியாகவும் எடுக்க வேண்டும் என்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. எந்த வழக்காக இருந்தாலும், சாட்சியாக விசாரிக்கப்படும் பெண்ணையோ மாற்றுத்திறனாளியையோ அவர் வசிக்கும் இடத்தை விட்டு வரச் சொல்லக் கூடாது என்கிறது 179-ஆம் பிரிவு. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போவது பயன் தருகிறது. எழுத்துப் புகாருக்குக் குறைந்தபட்சம் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை) வாங்காமல் திரும்பக் கூடாது; பின்னால் எந்த வழிக்குப் போனாலும் தேதியோடு கூடிய முதல் தடயம் அதுதான்.

வீட்டிலேயே இருந்துகொண்டு பாதுகாப்புப் பெறுவது

2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தை நான் இந்த வழிகளுக்கெல்லாம் மேலே வைப்பதற்குக் காரணம், அது தண்டனையிலிருந்து தொடங்காமல் வாழ்க்கையிலிருந்து தொடங்குகிறது என்பதே. மனைவி மட்டுமன்றி, ஒரே வீட்டில் வாழும் அல்லது வாழ்ந்த தாய், மகள், சகோதரி, விதவை மருமகள் என்று எந்தப் பெண்ணும் இதில் நிவாரணம் கேட்கலாம். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரம்பையும் 2016-இல் ஹிரல் ஹர்சோரா வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது.

19-ஆம் பிரிவின் வசிப்பிட உத்தரவுதான் மாற்றுத்திறனாளிக்கு உயிர்நாடி. சாய்தளம் வைத்த வாசல், கைப்பிடி பொருத்திய கழிப்பறை, கண் தெரியாதவர் ஆண்டுக்கணக்கில் காலடி எண்ணிப் பழகிய சமையலறை ஆகியவற்றை எந்த விடுதியும் ஐந்து நாளில் கொடுத்துவிட முடியாது. அந்த வீட்டில் அவரே இருக்கட்டும், வன்முறை செய்பவர் வெளியேறட்டும் என்று குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிட இந்தப் பிரிவு இடம் தருகிறது. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகளுக்கு அதில் வசிக்கும் உரிமை எழலாம் என்று 2020-இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும்: வெளியேறும்படியான உத்தரவை ஒரு பெண்ணுக்கு எதிராகப் பிறப்பிக்க முடியாது. அடிப்பவர் மாமியார் என்றால், அதே தரத்தில் வேறு வீடு அல்லது அதற்கான வாடகை என்பதைக் கேட்க வேண்டியிருக்கும். அப்போது புதிய வீட்டில் தேவைப்படும் மாற்றங்களுக்கான செலவையும் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்.

நுழைவாசல் இரண்டு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லி, அவர் குடும்ப வன்முறை நிகழ்வு அறிக்கையைத் தயாரித்து நீதிமன்றத்துக்கு அனுப்புவது ஒன்று. வழக்கறிஞர் வழியாக நேரே குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்வது மற்றொன்று. அலுவலரின் அறிக்கை இல்லாமலும் நடுவர் உத்தரவிடலாம் என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருப்பதால், அலுவலர் விடுப்பில் இருக்கிறார் என்பதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஆனாலும் நடக்க முடியாதவருக்கு முதல் வழியே மேல். அலுவலர் வீட்டுக்கு வரலாம், மனுவை அவரே தாக்கல் செய்யலாம், விதிகளில் தனிப் படிவமாகவே இருக்கும் பாதுகாப்புத் திட்டத்தை உடன் அமர்ந்து எழுதலாம். அந்த அலுவலகம் லிப்ட் இல்லாத இரண்டாம் மாடியில் இருந்த ஒரு மாவட்டத்தில், கீழே மரத்தடியில் நாற்காலி போட்டு அறிக்கை எழுதிய அலுவலர் ஒருவரையும் எனக்குத் தெரியும். மாடிக்கு ஏறி வந்தால்தான் என்று சொன்னவரையும் தெரியும்.

முதல் விசாரணையை மூன்று நாளுக்குள் வைத்து, அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறையில் மாதங்கள் ஆகின்றன. ஆகவே, 23-ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவைக் கேட்கும் மனுவை முதல் நாளே சேர்த்துப் போட வேண்டும். பிரமாணப் பத்திரத்தை வைத்து எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உத்தரவிட அந்தப் பிரிவில் இடமுண்டு. வசிப்பிட உத்தரவை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் என்று சொல்லும் 31-ஆம் பிரிவு ‘பாதுகாப்பு உத்தரவு’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், 18-ஆம் பிரிவின் பாதுகாப்பு உத்தரவையும் கூடவே வாங்கிவைத்தால்தான் அவர் நள்ளிரவில் கதவைத் தட்டும்போது காவல் துறையை அழைப்பதற்கு வலு இருக்கும். சக்கர நாற்காலி, மருந்து, அடையாள அட்டை, வங்கி அட்டை ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லியும் கேட்கலாம். தாய்வீட்டுக்குப் போய்விட்டவர் அங்குள்ள நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம்.

கோட்டாட்சியரிடம் ஒரு மனு

மிகக் குறைவாகவே பயன்படுத்தப்படும் வழி இது. நியாயமாக அதிகம் பேசப்பட வேண்டியதும் இதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 7-ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் மீது வன்முறையோ சுரண்டலோ நடக்கிறது அல்லது நடக்கப்போகிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும், பதிவுபெற்ற எந்த அமைப்பும், நிர்வாகத் துறை நடுவருக்குத் தகவல் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அது வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோ. வன்முறையை உடனே நிறுத்தவும், பாதிக்கப்பட்டவரை மீட்கவும், அவர் விரும்பினால் பாதுகாப்பில் வைக்கவும், பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யவும் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. நடந்தது குற்றம் என்று கண்டால் புகாரை நீதித்துறை நடுவருக்கு அனுப்பிவைக்கலாம்.

முந்தைய வழியோடு வைத்துப் பார்த்தால் இதன் பலம் எங்கே என்பது தெரியும். ஆண், பெண் பேதம் இதில் இல்லை, உறவு முறையும் பார்ப்பதில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலே போதும். மகன்களால் அடைத்துவைக்கப்பட்ட பார்வையற்ற தந்தைக்கும், அண்ணன்களிடம் அடிவாங்கும் பெருமூளை வாதமுள்ள இளைஞனுக்கும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடமே இல்லை. அவர்களுக்குப் பெரும்பாலும் இதுவும், இதே சட்டத்தின் 92-ஆம் பிரிவும், காயம் ஏற்படுத்துதல், அடைத்துவைத்தல் போன்ற பொதுவான குற்றப் பிரிவுகளும்தான் கதி. பலவீனமும் அதே அளவுக்குத் தெளிவானது. கால வரையறை எதுவும் பிரிவில் இல்லை. பட்டா, சாதிச் சான்றிதழ் என்று ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகத்தில் இந்தப் பிரிவைப் பார்த்த பழக்கம் குறைவு. பிரிவின் நகலை இணைக்காமல் கொடுத்த மனு, ‘உரிய நடவடிக்கைக்கு’ என்று காவல் நிலையத்துக்கே திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நகலை இணைத்து, கேட்பது என்ன என்பதை ஒரே வரியில் எழுதி, திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்தில் இன்னொரு பிரதியையும் கொடுத்து, அதற்கான மனு எண்ணை வாங்கிவைத்தால் அது நகர்கிறது.

எனவே இவ்விரண்டையும் ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று நான் கருதுவதில்லை. நிலையான உரிமைக்கு நீதிமன்றம், இந்த வாரத்துத் தண்ணீருக்கும் மருந்துக்கும் கோட்டாட்சியர் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிப்பதற்குச் சட்டத்தில் தடையில்லை.

விடுதி

ஒருங்கிணைந்த சேவை மையம் 2015-இல் மத்திய அரசுத் திட்டமாகத் தொடங்கியது. மருத்துவம், மன ஆலோசனை, காவல் உதவி, சட்ட உதவி, தற்காலிகத் தங்கல் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் தருவது நோக்கம். ஐந்து நாள் வரை தங்கலாம். அதற்கு மேல் ‘சக்தி சதன்’ போன்ற நீண்டகால இல்லங்களுக்கு அனுப்புவார்கள். நடந்து வெளியேறி, இரவைக் கழிக்க ஓர் இடம் தேடும் பெண்ணுக்கு இந்த மையம் பெரிய ஆறுதல். கண் தெரியாத, காது கேளாத பெண்களும் துணையிருந்தால் சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் உடல் பராமரிப்பு தேவைப்படுபவருக்கு, தரையோடு அமைந்த கழிப்பறையும், இரவில் ஒரே ஒரு பணியாளரும் உள்ள இடம் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும்? மனநோய்க்கு மாத்திரை எடுப்பவர் என்று தெரிந்ததும் தயங்குகிற இல்லங்களும் உண்டு. போவதற்கு முன் தொலைபேசியில் நான்கு விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: வாசலில் எத்தனை படி, கழிப்பறை எப்படிப்பட்டது, கூடவே பராமரிப்பாளர் தங்கலாமா, மாத்திரையை யார் வைத்திருப்பார்கள். அடையாள அட்டை, மாத்திரைச் சீட்டு, ஒரு வாரத்து டயப்பர், சார்ஜர் ஆகியவை முன்பே ஒரு பையில் நம்பகமானவர் வீட்டில் இருக்க வேண்டும்.

தனியார் அமைப்புகளில், சென்னையில் 2001 முதல் இயங்கும் பி.சி.வி.சி. நெருக்கடி உதவியும் தங்குமிடமும் தருவதோடு தீக்காயத்திலிருந்து மீண்ட பெண்களோடும் வேலை செய்கிறது. 1993-இல் தொடங்கிய ‘தி பேனியன்’ மனநோயோடு வீடற்றுப்போன பெண்களுக்கானது.

மனநோய் உள்ளவர்களைப் பற்றி ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். ‘அது பைத்தியம் சார், அது சொல்றதை நம்பாதீங்க’ என்பதே அவர்களுக்கு எதிரான முதல் ஆயுதம். மனநல சிகிச்சை பெறுகிறார் என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் அற்றவர் என்று கொள்ள முடியாது, தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தாலொழிய, என்று மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சொல்கிறது. சிகிச்சை தரும் மருத்துவரிடம் ‘நடந்ததைத் தெளிவாகக் கூறும் நிலையில் இருக்கிறார்’ என்று எழுதி வாங்கிக்கொள்வது எந்த வழிக்கும் முன்னே செய்ய வேண்டிய வேலை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவருக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன்கீழ் நியமிக்கப்பட்ட பாதுகாவலரே கொடுமை செய்தாலோ சொத்தைச் சுருட்டினாலோ, அவரை நீக்கக் கோரி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் உறவினரோ பதிவுபெற்ற அமைப்போ விண்ணப்பிக்கலாம்.

துணைக்கு வருபவர்

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்பதால் யாரும் பின்வாங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்களும் மாற்றுத்திறனாளிகளும் தனித்தனியாகவே இடம்பெற்றிருக்கிறார்கள்; வருமான வரம்பு இருவருக்கும் இல்லை. 15100 என்ற எண்ணிலோ மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழுவிலோ கேட்கலாம். கேட்கும்போது ‘வழக்கு நடத்த வழக்கறிஞர் வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு சமரசத்தை நோக்கித் திரும்பிவிடும். பராமரிப்புக்கு ஒருவரையே நம்பியிருக்கும் பெண், அவரை எதிரே உட்காரவைத்துச் செய்யும் சமரசத்துக்குத் தலையாட்டுவாரே தவிர, மனத்தில் உள்ளதைச் சொல்ல மாட்டார்.

மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகளையும் நான் சட்ட உதவிக்கு இணையாகவே வைக்கிறேன். தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கத்துக்குப் பல மாவட்டங்களில் கிளைகள் உண்டு. 1985-இல் சென்னையில் தொடங்கிய வித்யாசாகரில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப் பிரிவு இருக்கிறது. குடும்ப வன்முறையில் அனுபவம் உள்ளவர்களுக்குச் சிறுநீர்க் குழாய் தெரியாது. மாற்றுத்திறன் அமைப்புகளுக்கு வசிப்பிட உத்தரவு தெரியாது. இரு தரப்பையும் முதல் வாரத்திலேயே ஒரே மேசைக்குக் கொண்டுவந்த வழக்குகள்தான் நான் பார்த்தவரையில் தேறின. மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் முறையிடலாம்; ஆனால் அவர் அரசுத் துறைகளுக்குப் பரிந்துரைப்பவர் என்பதால், கோட்டாட்சியர் அசையாதபோது அவரை அசைக்க உதவுவார் என்ற அளவில் வைத்துக்கொள்வது சரி.

முதலில் சொன்ன பெண், இந்த வழிகளையெல்லாம் மூன்று வாரம் யோசித்தார். விடுதி வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார். அக்கா இரவில் வந்து தங்க ஒப்புக்கொண்டு, பகலுக்குத் தெருவிலேயே ஒரு பெண்ணைச் சம்பளத்துக்குப் பேசி முடித்த பிறகுதான் பாதுகாப்பு அலுவலரை வீட்டுக்கு வரச் சொன்னார். மனுவோடு ஒரு பராமரிப்பு அட்டவணையையும் இணைத்திருந்தோம். காலை ஆறு மணிக்குக் குழாய்ப் பை, எட்டு மணிக்குக் குளியல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புதல் என்று ஒரு நாள் முழுவதும் அதில் இருந்தது. வழக்குக்கு அது தேவையில்லை என்று வழக்கறிஞர் எடுத்துவிடப் பார்த்தார்; அந்தப் பெண் விடவில்லை. மாதச் செலவை நிர்ணயிக்கும் நேரத்தில் நடுவர் அதிக நேரம் வாசித்தது அந்தத் தாளைத்தான். பகல் பராமரிப்பாளரின் சம்பளத்தையும் சேர்த்து இடைக்கால உத்தரவு வந்தது. அந்த அட்டவணையின் நகல் இன்றும் அவருடைய கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. முன்பு கணவரின் பெயர் இருந்த கட்டங்களில், இரவு இரண்டு மணிக்கு எதிரே அக்காவின் பெயரும் காலை ஆறு மணிக்கு எதிரே தெருவிலிருந்து வரும் அந்தப் பெண்ணின் பெயரும் எழுதியிருக்கின்றன.